வாத்தின் பாதத்தில் வருவது கால் ஆணி அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை விளாங்குடியில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக ஏழெட்டு வீடுகளில் ஆசைக்காக வாத்து வளர்க்கிறார்கள். கடந்த இரண்டு மாதங்களில் அவர்களில் மூன்று பேர் என்னிடம் வந்து, தங்கள் வாத்துக்குக் காலில் ஆணி விழுந்திருப்பதாகவும், பிளேடால் கீறி எடுத்தும் மறுபடி வந்துவிட்டதாகவும் சொன்னார்கள். இரண்டாவதாக வந்தவர், மனிதர்கள் கால் ஆணிக்கு ஒட்டிக்கொள்ளும் கார்ன் கேப் பிளாஸ்திரியை அதன் பாதத்தில் ஒட்டியிருந்தார். மூன்றாமவர் எருக்கம்பால் வைத்திருந்தார். மூவருமே அந்தப் பறவையின் மேல் உயிரை வைத்திருப்பவர்கள். அதே தவற்றைச் செய்து ஒரு வாத்தை இழந்தவள் என்பதால், அவர்களிடம் சொன்னதைத் தங்கள் நாளிதழின் வழியாக மற்றவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கீழே எழுதுவது, எங்கள் வாத்துக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்கள் பொறுமையாக எனக்குக் கற்றுக்கொடுத்ததும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததும், என் கையால் செய்து பார்த்ததும் ஆகும்.

முதல் சிக்கல் பெயரில் இருக்கிறது. மனிதனின் கால் ஆணி என்பது, செருப்பு ஓயாமல் அழுத்துவதால் தோல் தடித்து உள்நோக்கி இறுகுவது. அதில் கிருமிக்கு வேலை இல்லை. தடித்த தோலைச் சீவினாலும் அமிலம் வைத்துக் கரைத்தாலும் வலி தணிகிறது. வாத்தின் உள்ளங்காலில் கறுப்பாக, வட்டமாகத் தெரிவது வேறு. பாதத்தில் ஏற்பட்ட சிறு கீறல் அல்லது தேய்மானத்தின் வழியாகக் கிருமி உள்ளே புகுந்து, அங்கே சீழ் கட்டி, மேலே பொருக்கு மூடிக்கொண்டிருக்கும் நிலை அது. பெரும்பாலும் அந்தக் கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. கால்நடை மருத்துவர்கள் இந்நோயைப் பம்பிள்ஃபுட் என்கிறார்கள். நாம் ஆணி என்று நினைத்துச் சீவுகிற கறுப்புப் பகுதி வெறும் மூடிதான். நோய் அதற்கு அடியில் இருக்கிறது.

நம்மை மேலும் ஏமாற்றுவது பறவையின் சீழ். நமக்கும் ஆடு மாடுகளுக்கும் புண்ணில் சீழ் நீராக வடிகிறது. கட்டி பழுத்து உடைந்தால் வெளியே வந்துவிடுகிறது. அப்படிச் சீழை இளக்குகிற நொதி பறவைகளின் இரத்த வெள்ளணுக்களில் இல்லை. அதனால் வாத்தின் சீழ் நீர்க்காமல், அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் போல் இறுகி, உதிரும் தன்மையுடன் உள்ளேயே தங்கிவிடுகிறது. கீறிப் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஆணியின் வேர் போலவே தெரியும். வேரைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார்கள். வாத்தின் பாதத்தில் தசை மிகக் குறைவு. தோலுக்குச் சற்றுக் கீழேயே தசைநாண்களும் மூட்டுகளும் எலும்பும் இருக்கின்றன. மரத்துப்போக மருந்து கொடுக்காமல், கொதிநீரில் கூடப் போடாத பிளேடை வைத்து அங்கே தோண்டுவது, வெளியே இருக்கும் கிருமியை நாமே எலும்புவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதாகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே செய்து முடித்திருந்தேன். பேத்தி ஆசைப்பட்டாள் என்று பெக்கின் என்ற இனத்தைச் சேர்ந்த இரண்டு வெள்ளை வாத்துக்குஞ்சுகளை வாங்கி மொட்டைமாடியில் வளர்த்தோம். எட்டாவது மாதத்தில் பெட்டை வலது காலை ஊன்றாமல் தாங்கித் தாங்கி நடந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். மிளகு அளவில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. என் அம்மாவுக்குக் கால் ஆணி எடுத்த பழக்கத்தில், என் மகன் பிடித்துக்கொள்ள, நானே புது பிளேடால் கீறி எடுத்தேன். அது கத்தவில்லை. வலித்தாலும் பறவைகள் பெரும்பாலும் காட்டிக்கொள்வதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. வலி இல்லை என்றே எடுத்துக்கொண்டேன். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுபடி அதே மாடியில் விட்டேன். பத்து நாளில் விரல்களுக்கு இடையே மேற்புறம்வரை வீங்கியது. மருத்துவரிடம் கொண்டுபோனபோது, மூட்டுக்கும் எலும்புக்கும் நோய் இறங்கிவிட்டது என்றார். அவரால் இயன்றதை எல்லாம் செய்தார். மூன்று வாரம் கழித்து அது இறந்தது. நீண்ட நாள் நீடிக்கும் இத்தகைய நோய்த்தொற்று வாத்தினத்தில் ஈரல் போன்ற உள்ளுறுப்புகளையும் கெடுத்துவிடும் என்று அவர் பிறகு விளக்கினார்.

அவர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி மருந்தைப் பற்றியது அன்று, தரையைப் பற்றியது. நான் பிறந்தது சோழவந்தான் பக்கம். அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருகிறவர்கள் நூற்றுக்கணக்கான வாத்துகளைத் தாள்களுக்கு நடுவே விட்டிருப்பார்கள். மாலையில் தென்கரைக் கண்மாயில் அவை இறங்கி ஏறும். வாத்தின் பாதம் அந்தச் சேற்றுக்கும் தண்ணீருக்கும் ஏற்பட்டது. இரண்டு கிலோவுக்குள் நிற்கும் நாட்டு வாத்து ஈர மண்ணில் நடக்கும்போது, பாதம் முழுவதும் எடை பரவி, அழுத்தம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதே பறவையினத்தில், மூன்றரை நான்கு கிலோ எடை வைக்கும் பெக்கினை, சொரசொரவென்று பூசிய சிமெண்ட் தளத்தில் நாள் முழுக்க நிற்க வைத்தால், உள்ளங்காலின் மேடான பகுதி மட்டும் தேய்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் மதுரையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அந்தத் தளம் காலைச் சுடவும் செய்கிறது. மாலையில் தண்ணீர்த் தொட்டி சிந்தி, எச்சத்தோடு கலந்து, தேய்ந்த பாதம் இரவு முழுவதும் அந்த ஈரத்தில் ஊறுகிறது. ஊறி மென்மையான தோலில் கிருமி புகுவதற்குப் பெரிய காயம் தேவையில்லை. கம்பி வலைத் தரை, உடைந்த ஓட்டுச் சில்லு, கருவேல முள், உயரமான திண்ணையிலிருந்து குதித்து இறங்குவது ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன.

உணவும் இதில் சேரும். வீட்டில் மிஞ்சும் சோறும் ரொட்டியும் மட்டும் தின்னும் வாத்து கொழுக்கிறது; கொழுப்பின் பாரம் காலில் விழுகிறது. அதோடு வைட்டமின் ஏ குறைந்தால் தோல் வறண்டு தன் காவலை இழக்கிறது. முருங்கைக்கீரை, மஞ்சள் பூசணி, கேரட், பப்பாளி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கித் தவிட்டோடு பிசைந்து கொடுப்பது எந்த வீட்டுக்கும் எட்டாத செலவல்ல.

நோயை முதலிலேயே பிடிக்க வேண்டுமானால் வாரம் ஒருமுறை பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வாத்தைக் காலைப் பிடித்தோ கழுத்தைப் பிடித்தோ தூக்கக் கூடாது. அதன் கால்கள் எளிதில் பிசகிவிடும். இறக்கைகளோடு சேர்த்து உடலைத் துண்டால் அணைத்து மடியில் வைத்து, இரண்டு பாதங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தோலின் வரிகள் மறைந்து ஓரிடம் மட்டும் சிவந்து பளபளத்தால், அதுதான் தொடக்கம். அடுத்து அங்கே காய்ப்பு விழும். பிறகு கறுப்புப் பொருக்கு. பிறகு வீக்கமும் சூடும். குஞ்சுகள் நொண்டுவதெல்லாம் இந்த நோயல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்தையே தின்று வளரும் வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற சத்துப் போதாமல் கால்கள் வளைந்துபோவது உண்டு. அப்போது பாதத்தில் புண் இருக்காது.

சிவப்பு, காய்ப்பு, வீக்கமில்லாத சிறு பொருக்கு ஆகிய நிலைகளில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்த அளவில் என் இரண்டாவது வாத்தை நான் காப்பாற்றினேன். முதலில் அதற்கு வயிறாரத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். ஏனென்றால் அடுத்து நாம் பாதத்தை ஊற வைக்கும் நீரில் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்; சமையல் உப்பு அன்று) இருக்கும். அதைக் குடித்தால் வயிறு போகும். மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் வெந்நீரில், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து, பாதம் மூழ்கும் அளவுக்கு அகலப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் வாத்தை அதில் நிறுத்தி வைக்கலாம். அழுக்கு கரைந்து பொருக்கு இளகும். தானாகக் கழன்று வந்தால் வரட்டும். நகத்தால் கூட நெம்பக் கூடாது. நல்ல நீரில் கழுவி, விரல் இடுக்குகள் உட்பட மெல்லிய துணியால் ஒற்றி, ஈரமே இல்லாமல் உலர்த்த வேண்டும். அவசரத்தில் விட்டுவிடுகிற இந்த உலர்த்தலே இந்த வைத்தியத்தில் பாதி என்று சொல்வேன்.

பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினிக் கரைசலை, பால் சேர்க்காத இளந்தேநீரின் நிறம் வரும்வரை கொதித்து ஆறிய நீரில் கலந்து, அதில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடை நாள்தோறும் ஊற்றினால் புதிதாக வளரும் திசுவும் வெந்துபோகும். அயோடின் களிம்பை மெல்லிதாகத் தடவி, புண்ணில் ஒட்டாத மெல்லிய துணியை வைத்து, அதைச் சுற்றிலும் பழைய பனியன் துணியை வளையமாகச் சுருட்டி வைத்தால், ஊன்றும்போது எடை வளையத்தின் மேல் விழும். புண்ணின் மேல் விழாது. இந்த வளையத்தை எனக்குக் காட்டிக்கொடுத்த மருத்துவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். விரல்களுக்கு இடையே கட்டுத்துணியைக் கொண்டுபோய்க் கணுக்காலில் முடிக்க வேண்டும், இறுக்கக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து விரல்கள் வீங்கியிருக்கின்றனவா, குளிர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். கட்டு நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். நனையாவிட்டாலும் தினமும் ஒருமுறை மாற்ற வேண்டும். புண் ஆறும்வரை நீந்த விடாதீர்கள். ஆனால் மூக்கும் கண்ணும் முங்கும் ஆழத்தில் குடிநீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். அவற்றைக் கழுவிக்கொள்ள முடியாத வாத்துக்கு வேறு நோய் வந்துவிடும். அந்த வாளியைப் படுக்கையிலிருந்து தள்ளி வைத்தால் சிந்துவது அங்கேயே நின்றுவிடும்.

தரையை மாற்றாமல் இவை எதுவும் பயன்படாது. சிமெண்ட் மேல் நான்கு விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த வைக்கோலோ உமியோ பரப்பி, ஈரமான பகுதியை அன்றன்றே அள்ளி எடுத்துவிட வேண்டும். மாடியில் அதற்கு வழியில்லாதவர்கள் இரண்டு அடுக்குச் சணல் சாக்கு விரித்து, ஒரு ஜோடி தரையில் கிடக்க, இன்னொரு ஜோடி துவைத்து வெயிலில் காயும்படி மாற்றி மாற்றிப் போடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம். அந்தப் பூஞ்சணம் வாத்தின் நுரையீரலைத் தாக்கும்.

கைவைத்தியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுக் கோமாரியில் குளம்புப் புண்ணுக்குக் குப்பைமேனி, பூண்டு, மஞ்சள், வேப்பிலை, மருதாணி, துளசி ஆகியவற்றை எண்ணெயில் காய்ச்சிப் போடும் முறையை நம் மரபுவழி கால்நடை மருத்துவம் நமக்குத் தந்திருக்கிறது. அதில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது திறந்த புண்ணுக்கு உரியது. மூடிய பொருக்குக்கு அடியில் இறுகிக் கிடக்கும் சீழை அது எட்டுவதில்லை. மேலும் காலில் தடவிய எண்ணெயை வாத்து அலகால் கோதி இறகில் பூசிக்கொண்டால், இறகு நீர் ஒட்டாத தன்மையை இழந்து, தண்ணீரில் இறங்கும்போது உடல் நனைந்து விறைத்துவிடும். எருக்கம்பால் தோலை அரிக்கும். அதே அலகின் வழியாக வாய்க்கும் கண்ணுக்கும் போகும். கார்ன் கேப்பில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் கரைத்துக் கிருமிக்கு வாசலை அகலமாக்கும்.

இவற்றைவிட எனக்கு அச்சம் தருவது மாத்திரைகள். ஒரு மருந்துக் கடையில், சீட்டு எதுவும் கேட்காமல், மனிதருக்கான வலி மாத்திரையில் கால் பாகத்தை வாத்துக்குக் கொடுக்கும்படி என்னிடமே சொன்னார்கள். கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, அந்தக் கால்நடைகளின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து, அந்த இனங்களையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பறவையின் உடல் நம் மாத்திரையை எப்படி ஏற்கும் என்று கடைக்காரரோ நாமோ ஊகிக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் அப்படியே. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். இறுகிய சீழுக்குள் மருந்து எளிதில் புகாது என்பதால், சீழை எடுக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும். மனிதருக்குக் கடைசிப் புகலாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி, கால்நடை வளர்ப்பில் பயன்படுத்த 2019-இல் மத்திய அரசு தடை விதித்ததன் காரணமும் இந்தப் பழகிப்போதல்தான். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதற்குப் பிறகு மருத்துவர் குறிப்பிடும் நாட்கள்வரையிலும், அந்த வாத்தின் முட்டையை யாரும் உண்ணக் கூடாது. இந்தக் கிருமி மனிதரின் தோலிலும் மூக்கிலும் கூடத் தங்கக்கூடியது; ஆகவே கையுறை அணிந்து கட்டு மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஊற வைத்த நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் வெளியே கொட்டுவது வீட்டில் குழந்தைகள் இருக்கும் எல்லாருக்கும் பொருந்தும்.

வீக்கம் பட்டாணி அளவைத் தாண்டினாலும், தொட்டால் சுட்டாலும், பாதத்தின் மேற்புறத்தில் தெரிந்தாலும், கணுக்கால் மூட்டு பருத்தாலும், வாத்து எழுந்து நிற்காமல் படுத்தே கிடந்தாலும், தீனியை வெறுத்தாலும், அல்லது நான் மேலே சொன்னதை ஒரு வாரம் தவறாமல் செய்தும் குறையாவிட்டாலும், அது வீட்டு வைத்தியத்தின் எல்லையைக் கடந்துவிட்டது. மருத்துவர் மரத்துப்போக மருந்து கொடுத்து, சீழை முழுமையாக எடுத்து, கழுவி, தேவைப்பட்டால் கிருமியைச் சோதனைக்கு அனுப்பி, மருந்து எழுதிக் கொடுப்பார். அதன் பிறகும் பல வாரம் கட்டு மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. "வாத்துக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டுத்தான் நான் முதல் பத்து நாளை வீணாக்கினேன்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் வேளாண் பக்கத்தில், கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு, வாத்தின் நல்ல பாதத்தையும் நோயின் ஒவ்வொரு நிலையில் உள்ள பாதத்தையும் படங்களோடு வெளியிட வேண்டும். எழுத்தில் நான் எவ்வளவு விளக்கினாலும் ஒரு படத்துக்கு ஈடாகாது. திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தினரும், கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்தும் கால்நடைத் துறையினரும், ஒன்றிரண்டு வாத்து வளர்க்கும் வீட்டாரையும் அழைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் பேருதவியாக இருக்கும். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

என்னிடம் வந்த மூவரில் இருவர் தங்கள் வாத்தை மருத்துவரிடம் கொண்டுபோய்விட்டார்கள். கார்ன் கேப் ஒட்டிய வீட்டு வாத்துக்கு வீக்கம் இல்லை. மூன்று நாளாக ஊற வைத்துக் கட்டுகிறோம். நாளைக் காலை ஆறு மணிக்கு அடுத்த கட்டு மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
விளாங்குடி, மதுரை.